ஆண்டியப்பன் தேய்த்த கம்பி

ஆண்டியப்பனுக்கு மின்சாரத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. மின்சாரத்துக்கும் ஆண்டியப்பன் மேல் பெரிதாக ஒன்றும் கிடையாது.

மின்சாரத்தை மட்டும் சொல்லுவானேன். ரிங்லெட் டவுனில் தராசு வைத்திருக்கிற எவனையும் அவர் நம்பமாட்டார். மழை வரும் வராது என்று டிவியில் சொல்கிற பெண்ணை நம்பமாட்டார். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துத்தான் விழுங்குவார். முழுசாகப் போட்டால் என்ன ஆகும் என்று டாக்டருக்கே தெரியாது என்பது அவர் முடிவு. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நின்றுவிட்டு, தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிற கத்தியைப் பிடித்தவர். படித்தவன் சொல்வதில் பாதி தேவையில்லாதது, மிச்சம் பாதி அவனுக்கே புரியாதது என்று வைத்துக்கொண்டு எழுபது வயதைத் தாண்டிவிட்டார். இப்படி உஷாராக இருந்ததில் வெளி ஆட்கள் யாரும் அவரை ஏமாற்ற முடியவில்லை என்பது உண்மை. அவரை ஏமாற்றியதெல்லாம் பெரும்பாலும் அவரேதான்.

போன மாதம் மின்சாரச் சோற்றுச் சட்டி வேலை செய்யவில்லை. பிளக்குக்குள் பியூஸ் போயிருந்தது. புதுசு வாங்கினால் கடைக்காரன் இரட்டை விலை சொல்லுவான் என்று, பேரப்பிள்ளையின் புத்தகப்பையில் கிடந்த காகிதக் கிளிப்பை மடித்து உள்ளே வைத்து மூடினார். சட்டியில் அரிசி வேகவில்லை. பிளக் வெந்தது. வீட்டு விளக்கு அணைந்தது, அதோடு அந்த லைன் வீட்டு வரிசை முழுக்க அணைந்தது. எல்லா வீட்டிலும் நாடகம் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வெளியே வந்து திட்டியவர்களோடு சேர்ந்து ஆண்டியப்பனும் எலக்ட்ரிக் ஆபீஸ்காரனைத் திட்டினார். கருகிய நாற்றம் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று ஒரு பிள்ளை மோப்பம் பிடித்து வரும் வரைக்கும் திட்டினார்.

மருமகள் நளினி அன்று சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவரும் பதிலுக்குப் போட்டு முடித்திருப்பார். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, இனிமே ஒயர் வெச்ச எதையும் நீங்க தொடக்கூடாது. இன்னொரு தடவ இந்த மாதிரி ஆச்சுன்னா, பிள்ளைங்க ரெண்டும் பள்ளிக்கூடம் விட்டு நேரா ரஞ்சிதம் அக்கா வீட்டுக்குப் போயிரும். சாயங்காலம் வேலை முடிஞ்சி வரும்போது நான் கூட்டிட்டு வந்துக்குறேன்."

ரஞ்சிதம் ரிங்லெட்டில் இருக்கிறவள். வேலைக்குப் போகிற தாய்மார்களின் பிள்ளைகளைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொள்வாள். வீட்டில் ஊஞ்சல் இருக்கிறதாம், மீன் தொட்டி இருக்கிறதாம்.

"கொண்டுபோய் விடு, லா! எனக்கும் நிம்மதி. மத்தியானம் ஒரு கண்ணு தூங்கலாம்" என்றார் ஆண்டியப்பன்.

அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. கத்தரிக்காய் சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

உண்மை என்னவென்றால், மகன் மகேன் திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்கு லோரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் தூங்குவான். நளினி காலையிலேயே வேன் ஏறி கியா பார்ம் போய்விடுவாள். அங்கே ஸ்ட்ராபெரி விற்கிற கடையில் வேலை. பள்ளிக்கூட வேன் வந்து நிற்கும் வரைக்கும் ஆண்டியப்பன் ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். ரேடியோ திருப்பிப் பேசாது. பேரன் ரூபன் பேசுவான். பேத்தி தனுஜா பேசவே தேவையில்லை, ஒரு பார்வை பார்த்தால் போதும், பத்துப் பேர் பேசின மாதிரி. அந்த இரண்டும் இல்லாத மத்தியானத்தை நினைத்தால் அவருக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. அதையும் கத்தரிக்காய் மேல்தான் போட்டார்.

இந்த நிலைமையில்தான் காந்தம் வந்து சேர்ந்தது.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் நாள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆளுக்கொன்று செய்து கொண்டுபோக வேண்டும். தனுஜாவுக்கு ஜெகதீஸ்வரன் வாத்தியார் கொடுத்தது மின்காந்தம். ஓர் ஆணி, கொஞ்சம் செம்புக் கம்பி, ஒரு டார்ச் லைட் பேட்டரி. ஆணியில் கம்பியைச் சுற்றி, கம்பியின் இரண்டு நுனியையும் பேட்டரியில் வைத்தால் ஆணி காந்தமாகிவிடும். எடுத்தால் மறுபடியும் வெறும் ஆணி. செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது வாத்தியார் கட்டளை.

பெரியவர் என்று வீட்டில் மத்தியானம் இருப்பது ஒருவர்தான்.

அறிவியல் நாளுக்கு முதல் நாள் காலையில் நளினி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "மாமா, சும்மா பக்கத்துல உக்காந்திருந்தா போதும். எல்லாம் தனுஜா பாத்துக்குவா. நீங்க கை வைக்காதீங்க. ரஞ்சிதம் அக்கா வேற கேட்டுக்கிட்டே இருக்காங்க, ரெண்டு பிள்ளைக்குத்தான் இடம் இருக்காம், வருமா வராதான்னு."

"நான் ஏன்மா கை வைக்கிறேன்? எனக்கு வேற வேல இல்லியா?"

அவருக்கு வேறு வேலை இல்லை.

தனுஜாவும் புறப்படும்போது ஒரு கட்டளை போட்டாள். அலமாரி மேல் பழுப்பு நிறக் கம்பிச் சுருள் ஒன்றை வைத்தாள். ரிங்லெட்டில் தோட்டத்து மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கிற புவனேஸ்வரன் கடையிலிருந்து வாங்கி வந்தது.

"தாத்தா, உப்புத்தாளும் இங்கதான் வெச்சிருக்கேன். வந்ததும் நான் கம்பியோட ரெண்டு நுனியையும் தேய்க்கணும். நுனி மட்டும்தான். யாரும் எடுத்துறாம பாத்துக்குங்க."

"போலீஸ் வேலையா? சரி, பாத்துக்குறேன். போ."

வேன் போனது. தேயிலை மேட்டில் பனி இறங்கியது. ரேடியோவில் யாரோ ஒருவன் சிரித்துக்கொண்டே சளிக்கு மருந்து விற்றான். ஆண்டியப்பன் அவனைக் கொஞ்ச நேரம் திட்டினார். அப்புறம் அலமாரியைப் பார்த்தார்.

தொடக் கூடாது என்றுதான் இருந்தார். பார்ப்பதற்கு என்ன? கம்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பார்த்ததுமே வயிறு எரிந்தது. செம்பு என்றால் எப்படி இருக்க வேண்டும்? கோவில் குடம் மாதிரி மின்ன வேண்டும். இது அழுக்கு பிடித்து, பழைய வெல்லம் மாதிரி இருந்தது. சின்னப் பிள்ளை என்று புவனேஸ்வரன் மட்டமான கம்பியைத் தலையில் கட்டிவிட்டான்.

செம்பைப் பற்றி ஆண்டியப்பனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கவாத்து வேலையை விட்ட பிறகு சில வருஷம் அவர் பழைய சாமான் பொறுக்கியவர். பழைய லைன் வீடுகளை இடித்தபோது சுவரிலிருந்து உருவிய ஒயரையெல்லாம் கொண்டுவந்து, மேல் தோலை உரித்து, சுரண்டி, தேய்த்து, பளபள என்று ஆக்கித்தான் அடிவாரத்துத் தாப்பா டவுனிலிருந்து வருகிற பழைய இரும்பு லோரிக்காரனிடம் போடுவார். அழுக்கோடு போட்டால் அவன் முகத்தைச் சுளிப்பான். சுத்தமாகப் போட்டால் "அண்ணே" என்பான். செம்பு சுத்தமாக இருக்க வேண்டும். உலகத்தில் அவர் சந்தேகமே இல்லாமல் நம்பிய ஒரே விஷயம் அதுதான்.

'நுனி மட்டும் தேய்க்கணுமாம்' என்று யோசித்தார். சம்பளம் வாங்குகிறவன் சொல்லிக்கொடுக்கிற வேலை அப்படித்தான் இருக்கும். முகத்தை மட்டும் கழுவிவிட்டுக் குளித்தேன் என்கிற கதை. நுனியைத் தேய்த்தால் நல்லது என்றால் முழுசும் தேய்த்தால் எவ்வளவு நல்லது! இதைக் கண்டுபிடிக்க ஒரு வாத்தியாருக்குப் படிப்பு வேறு.

தவிர, நளினி சொன்னது ஒயரைத் தொடக் கூடாது என்று. ஒயர் என்றால் பிளக் இருக்க வேண்டும், சுவர் இருக்க வேண்டும். இது கம்பி. இப்படி ஒரு வக்கீல் மாதிரி தனக்குத் தானே வாதாடி, தானே நீதிபதியாக உட்கார்ந்து, தன்னை விடுதலையும் செய்துகொண்டு, ஆண்டியப்பன் உப்புத்தாளைக் கையில் எடுத்தார்.

காலை முழுக்கத் தேய்த்தார். சுருளைப் பிரித்து, அறைக் கதவுத் தாழ்ப்பாளில் ஒரு முனையைக் கட்டி, வாசல் வரைக்கும் இழுத்துப் பிடித்து, ஒரு பொட்டு அழுக்கு விடாமல் தேய்த்தார். இடுப்பு விட்டுப்போனது. முடித்துச் சுருட்டி வைத்தபோது கம்பி புதுத்தாலி மாதிரி மின்னியது. பிள்ளை வந்து பார்த்து அசந்துபோகும் என்று அதை அலமாரியில் வெளிச்சம் படுகிற பக்கமாகத் திருப்பி வைத்தார்.

தனுஜா வந்தாள், பார்த்தாள். "ஏன் தாத்தா கம்பி இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

"வேற மாதிரி இருக்கு."

"பனி போயி வெயில் வந்துருச்சில்ல, அதான் அப்படித் தெரியுது" என்றார். பாராட்டு வருகிறதா என்று கொஞ்சம் காத்திருந்தார். வரவில்லை. சரி, வேலை செய்து காட்டட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் தனுஜா மேசையைத் துடைத்து எல்லாவற்றையும் பரப்பினாள். ஆணியின் கூர் முனையில் ஓர் அழிப்பானைக் குத்தி வைத்தாள், தம்பி கையில் குத்திக்கொள்ளக் கூடாது என்று. குண்டூசிகளை ஒரு தட்டில் கொட்டி, "ரூபன், இதுல ஒண்ணுகூட வாய்க்குப் போகக்கூடாது" என்றாள்.

"நான் என்ன பாப்பாவா?" என்றான் ரூபன். இரண்டாம் ஆண்டு படிக்கிறவன்.

"போன வாரம் பட்டனை முழுங்குனது யாரு?"

"அது தானா போச்சு."

ஆண்டியப்பன் பேட்டரியைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "இத்துனூண்டு பேட்டரி என்னத்த இழுக்கும்? என் மோட்டார் சைக்கிள் பேட்டரியக் கழட்டித் தரட்டுமா? சும்மா கதவையே இழுக்கும்."

"வேணாம் தாத்தா! வாத்தியார் சொன்னாரு, மோட்டார் பேட்டரி, கார் பேட்டரி எதுவும் தொடக்கூடாது. சுவத்துப் பிளக் பக்கமே போகக்கூடாது. இந்த ஒரு பேட்டரிதான். அதையும் ரொம்ப நேரம் வெச்சிருக்கக்கூடாது, சூடாயிரும். கொஞ்ச நேரம் வெச்சிப் பாத்துட்டு எடுத்துறணும்."

"உங்க வாத்தியாருக்குப் பயம் ஜாஸ்தி."

"சோத்துச் சட்டிய வெடிக்க வெச்சது வாத்தியாரா தாத்தா?" என்றான் ரூபன்.

ஆண்டியப்பன் பேட்டரியை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

தனுஜா நுனிகளைத் தேய்த்துவிட்டுப் பொறுமையாகக் கம்பியைச் சுற்றினாள். ஒரு சுற்றோடு ஒரு சுற்று ஒட்டி, வரிசையாக, இடைவெளியே இல்லாமல். பார்க்க அழகாக இருந்தது. இரண்டு முனைகளையும் நீளமாக விட்டு, ஒன்றைப் பேட்டரியின் அடியில் டேப் போட்டு ஒட்டினாள். இன்னொரு முனையை மேலே வைத்து விரலால் அழுத்தினாள். ரூபன் ஆணியைக் குண்டூசித் தட்டுக்கு மேல் பிடித்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு குண்டூசி கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. அது ரூபன் விட்ட மூச்சாகவும் இருக்கலாம்.

"நல்லா அழுத்து" என்றார் ஆண்டியப்பன்.

"அழுத்திக்கிட்டுத்தான் இருக்கேன்... ஆ! சுடுது!"

தனுஜா கையை உதறினாள். அடியில் ஒட்டிய டேப்பின் மிச்சம் மேல் முனையிலும் ஒட்டிக்கொண்டிருந்ததால் கம்பி பேட்டரியை விட்டு வரவில்லை. அந்த நொடியில் ஆண்டியப்பனுக்கு மூளையில் ஒரு யோசனையும் ஓடவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். "எட்டிப் போங்க!" என்று லைன் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். ஒரு கையால் இரண்டு பிள்ளைகளையும் வாசல் பக்கம் தள்ளினார். மறு கையால் அடுப்பு மேல் கிடந்த இடுக்கியை எடுத்து, டேப்பைப் பிய்த்துக் கம்பியை விலக்கினார். அதோடு விட்டிருக்கலாம். பேட்டரியை இடுக்கியால் பிடித்துக்கொண்டு பாம்பைத் தூக்கிப் போகிறவர் மாதிரி வெளியே ஓடி, மணல் மேட்டில் போட்டு, ஒரு குச்சியால் தள்ளி நின்று குத்திப் பார்த்தார். அது ஒன்றும் செய்யவில்லை. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அதை முறைத்துக்கொண்டே நின்றார்.

தனுஜாவின் விரல் லேசாகச் சிவந்திருந்தது, கொப்புளமில்லை. குழாய்த் தண்ணீரில் பிடிக்கச் சொன்னார். பிறகு கோபம் வந்தது. பயந்தவனுக்குக் கோபம் வர நேரமாகாது.

"எல்லாம் அந்தப் புவனேஸ்வரன் பண்ண வேலை! பிள்ளைக்குப் பேய்க்கம்பி வித்திருக்கான். போடு போனை. எல்லாருக்கும் கேக்குற மாதிரி போடு. நான் அவனைக் கேட்டுட்டுத்தான் மறு வேல."

தனுஜா போனை மேசை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்து, ரோட்டுச் சத்தத்தோடு புவனேஸ்வரன் குரல் வந்தது.

"ஆண்டி அண்ணே! என்னா அதிசயம், போன்லாம் பண்றீங்க?"

"அதிசயத்தை அப்புறம் பேசுவோம். என் பேத்திக்கு என்னா கம்பிடா வித்த நீ? காந்தமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, பேட்டரி கொதிக்குது, பிள்ளை கையச் சுட்டுக்கிட்டா!"

"ஐயோ, பிள்ளைக்கு ஒண்ணும் இல்லியே? நல்ல கம்பிதானண்ணே அது. தோட்டத்து மோட்டாருக்கெல்லாம் நான் அதைத்தான் சுத்துறேன். வாத்தியாரே போன் பண்ணிச் சொல்லித்தான் கொடுத்தேன். கம்பி இப்ப என்ன நிறத்துல இருக்கு?"

"என்ன நிறத்துல இருக்கும்? செம்பு நிறத்துல இருக்கு. பளபளன்னு."

ரோட்டுச் சத்தத்துக்கு மேல் புவனேஸ்வரன் குரலை உயர்த்தினான்.

"அண்ணே, நான் கொடுத்தது பழுப்பு நிறம்ல?"

"ஆமா, அழுக்கா கொடுத்த. அதான் நான்..."

ஆண்டியப்பன் நிறுத்திக்கொண்டார். ஆனால் வார்த்தை வாயைத் தாண்டிவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பிள்ளைகளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தேய்ச்சிட்டீங்களாண்ணே?" புவனேஸ்வரன் குரலில் சிரிப்பு கசிந்தது. "முழுசுமா?"

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"முழுசும்."

"அது அழுக்கில்லண்ணே, வார்னிஷ்! கம்பிக்குச் சட்டை மாதிரி. அந்தச் சட்டை இருந்தாத்தான் கரண்டு ஒவ்வொரு சுத்தா ஆணியச் சுத்திப் போகும், காந்தமாகும். நீங்க சட்டைய அவுத்துட்டீங்க. இப்ப சுத்து எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, கரண்டு சுத்தாம குறுக்கால ஓடிருது. பேட்டரி கொதிக்காம என்ன செய்யும்? அண்ணே, மோட்டாருக்குக் கம்பி சுத்துற நானே இப்படிச் சுத்தமா தேய்ச்சதில்ல, லா. எத்தன நேரம் ஆச்சு?"

"அத விடு. வேற கம்பி கொடு. இப்ப மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு வரேன்."

"கடை சாத்திட்டேன்ணே. தாப்பாவுக்கு எறங்கிக்கிட்டிருக்கேன், மச்சான் ஓட்டுறாரு. நாளைக்குத்தான் வருவேன். வீட்டுல வார்னிஷ் இருந்தா அதையே மறுபடி பூசி, நல்லாக் காய வெச்சிச் சுத்திப் பாருங்க. நுனிய மட்டும் விட்டுருங்க. நுனிய, அண்ணே. நுனி மட்டும்." சிரிப்பை இனி அடக்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டான் போலிருந்தது. போனை வைக்கும்போது பக்கத்தில் ஓட்டுகிற மச்சானும் சிரிப்பது கேட்டது.

பல வருஷமாக ஆண்டியப்பன் கடைக்காரர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார். சாட்சிகளைக் கூட்டி வைத்து, ஸ்பீக்கரும் போட்டு, தானே போய்க் கூண்டில் ஏறிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

தனுஜா தாத்தா பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையைத்தான் பார்த்தாள். ரூபன்தான் பேசினான். "அப்ப நாங்க ரஞ்சிதம் அத்தை வீட்டுக்குப் போகணுமா? அங்க மீன் தொட்டி இருக்குல்ல?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாத்தா அங்க வர முடியாதுல்ல?" என்றான்.

ஆண்டியப்பன் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். முகம் அழுக்காக இல்லை.

"நம்ம வீட்டுல வார்னிஷ் ஏது தாத்தா?" என்று யோசித்துக்கொண்டிருந்த தனுஜா, சட்டென்று எழுந்து அம்மாவின் அறைக்குள் போனாள். ஒரு சின்னக் குப்பியோடு வந்தாள். நகப் பூச்சு. ரத்தச் சிவப்பு. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போட நளினி வாங்கி வைத்தது. "இதுவும் வார்னிஷ் மாதிரிதான். காஞ்சா தோலு மாதிரி உரியும், பாத்திருக்கீங்கல்ல?"

"அது உங்கம்மாவுது."

"தெரியும்."

"எனக்கு இதுல சம்பந்தம் இல்ல."

"கம்பியப் பிடிச்சிக்குங்க தாத்தா."

ஆண்டியப்பன் பிடித்துக்கொண்டார். காலையில் எந்தத் தாழ்ப்பாளில் கட்டித் தேய்த்தாரோ அதே தாழ்ப்பாளில் கட்டி, ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்து, தனுஜா ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், அந்தக் குட்டித் தூரிகையால் பூசிக்கொண்டே வந்தார்கள். கம்பிக்குப் பூசியதைவிட அவர் விரலுக்குப் பூசியது அதிகம். எதிர் லைனிலிருந்து மலர்த் தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, பொண்ணு பாக்க வராங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கவாத்துக் கத்தி பிடித்து மரக்கட்டை மாதிரி ஆன கை. அதில் பத்து விரலிலும் கல்யாணச் சிவப்பு. திட்டுவதற்கு வாய் வந்தது, ஆனால் தூரிகை கையில் இருக்கும்போது யார் திட்டினாலும் அது திட்டு மாதிரி இருக்காது என்று விட்டுவிட்டார்.

ஒரு பூச்சு காய்ந்ததும் இன்னொரு பூச்சு. அதுவும் காய்ந்து, விரலில் ஒட்டாமல் ஆன பிறகு, தனுஜா ஆணிமேல் ஒரு காகிதத்தைச் சுற்றி ஒட்டினாள். இந்தத் தடவை சுற்றுகளை ஒன்றோடு ஒன்று உரசாமல் கொஞ்சம் தள்ளித் தள்ளிச் சுற்றினாள், பூச்சு எங்காவது விட்டிருந்தாலும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று. டார்ச் லைட்டிலிருந்து வேறு பேட்டரி எடுத்தாள். ஆண்டியப்பன் இடுக்கியோடு பக்கத்தில் நின்றார். முனையை டேப் போட்டு ஒட்ட விடவில்லை. விலக்க வேண்டுமென்றால் உடனே விலக்க வேண்டும் என்று துணி காயப்போடுகிற கவ்வி ஒன்றைக் கொடுத்து அதைக் கொண்டு பிடிக்கச் சொன்னார். அன்று முழுக்க அவர் சொன்னதில் உருப்படியான ஒரே பேச்சு அதுதான். அதுவும் பயத்தில் வந்தது.

"வெக்கிறேன்" என்றாள் தனுஜா.

தட்டிலிருந்து குண்டூசிகள் துள்ளி வந்து ஆணியில் ஒட்டின. ஒன்றின் வாலில் ஒன்றாகத் தொங்கின. ரூபன் "ஏ!" என்று கத்தினான். தனுஜா கவ்வியை எடுத்தாள். பொலபொலவென்று எல்லாம் கொட்டின.

ஆண்டியப்பன் இடுக்கியைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவ வை."

வைத்தாள். ஒட்டின. எடுத்தாள். கொட்டின.

"இங்க கொடு." வாங்கிக்கொண்டார். கொண்டைப் பின் ஒட்டியது. பாட்டில் மூடி ஒட்டியது. இருபது காசு ஒட்டவில்லை. காசுக்கு அவர்மேல் எப்போதுமே பிடிப்பில்லை. செம்புக் கம்பியின் மிச்சத் துண்டை ஒட்ட வைத்துப் பார்த்தார், அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் இலையோடு வருகிற ஆணி, கம்பியையெல்லாம் பிடித்துக்கொள்ள ஒரு காந்தம் இருக்கும். அதன் அடியில் ஒரு மாதம் கூட்டிப் பெருக்கியவர் என்ற தகுதியில் இத்தனை நாளாகக் காந்தத்தைப் பற்றி எல்லோரிடமும் கதை அளந்திருக்கிறார். அது போடவும் எடுக்கவும் முடியாத காந்தம். இது சொன்னால் கேட்கிற காந்தம்.

"தாத்தா, போதும்! எடுங்க!"

"இரு, இந்தக் கரண்டி..."

"ரொம்ப நேரம் வெக்கக்கூடாதுன்னு சொன்னேன்ல! சூடு வருதா பாருங்க. எடுங்க தாத்தா!"

எடுத்தார். கொஞ்சம் சூடு வந்துதான் இருந்தது. ரூபன் அவர் கையிலிருந்து ஆணியைப் பிடுங்கிக்கொண்டு, "தாத்தாவுக்கு இனிமே கிடையாது. அக்கா, தாத்தா தட்டுல இருந்து ஊசியும் எடுத்து வெச்சிக்கிட்டாரு" என்று கோள் சொன்னான்.

அப்போதுதான் வாசலில் நளினியின் செருப்புச் சத்தம் கேட்டது.

உள்ளே வந்தவள் முதலில் மூக்கைச் சுருக்கினாள். நகப் பூச்சு வாசனை வீடு முழுக்க நின்றது. மேசையைப் பார்த்தாள். காலிக் குப்பியைப் பார்த்தாள்.

"அது நான்தாம்மா" என்று தனுஜா முந்திக்கொண்டாள். "கம்பியில பூசறதுக்கு. வாத்தியார் பூசச் சொன்னாரு. தாத்தா பக்கத்துல சும்மாதான் உக்காந்திருந்தாரு. எதையும் தொடல."

ஒரு தடங்கல் இல்லை. கண் சிமிட்டவில்லை. ஆண்டியப்பன் பேத்தியை மறுபடி ஒரு தடவை பார்த்தார். இத்தனை சுத்தமாகப் பொய் சொல்கிற ஆளை ரிங்லெட் கடைத்தெருவிலேயே அவர் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் ஊரில் யார் யாரையோ சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். தேர்ந்த ஆள் தன் வீட்டிலேயே வளர்கிறாள், அதுவும் தனக்காக. அந்தப் பொய்யை எடுத்துக்கொண்டால் பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கும். நாளைக்கும் மத்தியானம் வேன் வந்து நிற்கும். எடுத்துக்கொள்ளத்தான் நினைத்தார். கையைப் பின்னால் மறைக்கக்கூடச் செய்தார்.

"பொய் சொல்றா" என்றார். "நான்தான் தொட்டேன். காலையில பூரா உக்காந்து கம்பியத் தேய்ச்சிக் கெடுத்துட்டேன். அதனாலதான் பேட்டரி சூடாயி, பிள்ளை விரல் சுட்டுச்சு. கடைக்காரன் மேல பழி போட்டேன். அப்புறம் உன் சாமானையும் தீத்தாச்சு. எல்லாம் நான்தான்." கையை முன்னால் நீட்டினார். பத்தும் சிவப்பு. "இவ நல்லா பொய் சொல்றாம்மா. இவளக் கொஞ்சம் கவனி."

நளினி தனுஜாவின் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். ரூபனைப் பார்த்து, "பேட்டரி சூடானப்ப தாத்தா என்னடா செஞ்சாரு?" என்றாள்.

ரூபன் செய்தே காட்டினான். கத்தினான். அக்காளையும் அம்மாவையும் வாசல் பக்கம் தள்ளினான். இடுக்கியைப் பிடித்துக்கொண்டு முதுகை வளைத்து வெளியே ஓடினான். குனிந்து மணலைக் குச்சியால் குத்தினான். "இப்படி இப்படி. அது செத்துருச்சான்னு பாத்தாரு. அப்புறம் சாமி கும்பிட்டாரு."

"கும்பிடல" என்றார் ஆண்டியப்பன்.

"வாய் அசைஞ்சது."

நளினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஆண்டியப்பனுக்குத் தெரியவில்லை. இரண்டுமே தன்னால்தான் என்பது மட்டும் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் போனை எடுத்தாள். "அக்கா, நளினி பேசுறேன். பிள்ளைங்க விஷயமா... இல்லக்கா, இப்ப வேணாம். ஒரு மாசம் பாக்குறேன். ஒரு மாசம் ஒழுங்கா இருந்தா வீட்டுலயே இருக்கட்டும்... பிள்ளைங்க இல்லக்கா. எங்க மாமா."

ஆண்டியப்பனுக்குச் சுருக்கென்றது. தோட்டத்தில் கத்தி பிடித்த காலத்தில் துரையும் கணக்கு எழுதுகிற கிராணியும் எத்தனையோ பேர் வந்து போனார்கள். ஒருத்தன்கூட அவருக்குத் தவணை வைத்ததில்லை. இப்போது ஸ்ட்ராபெரிக் கடையில் வேலை செய்கிற மருமகள் வைக்கிறாள். நிம்மதியும் கோபமும் ஒன்றாக வந்தன, கோபத்தைத்தான் எடுத்து வெளியே விட்டார்.

"ஒரு மாசம்லாம் முடியாது" என்றார் கடைசியில். "சொல்லிட்டேன். ஒயர் பக்கம் நான் போகல. ஆனா நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு நானும் வருவேன். இவங்க வாத்தியார் அந்தக் காந்தத்த ரொம்ப நேரம் போட்டு வெச்சிட்டாருன்னா? அவரையும் யாராவது பாக்கணும்ல?"